நடக்கச் சொன்னதை எனக்கு யாரும் சொல்லவில்லை

இடது காலில் கொலுசு இறுகியதுதான் முதல் அறிகுறி. அப்போது எனக்கு ஏழாம் மாதம். வலது கால் கொலுசு எப்போதும்போலத் தொளதொளவென்று கிடக்க, இடது காலுடையது மட்டும் சதையில் பதிந்து தடம் போட்டிருந்தது. ஆடுசதையைத் தொட்டால் சூடு. கழிவறைக்கு எழுந்து போகும்போது யாரோ பிடித்து முறுக்குவது போல வலித்தது.

"மாசமா இருந்தா காலு வீங்காம இன்னா பண்ணும்? தலைகாணிய அண்டக் குடுத்துப் படுத்துக்கினு இரு" என்றாள் அம்மா.

படுத்துக்கொண்டிருப்பதில் நான் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தேன். மூன்றாம் மாதத்திலிருந்து எனக்கு அதுதான் வேலை. அதற்கு முன்பு கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தேன். வடக்கனந்தலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் மலையேறி, பிள்ளைகளுக்குக் கோகோவும் ஓட்டமும் சொல்லிக்கொடுத்துவிட்டு மாலையில் இறங்குவேன்.

என் முதல் கர்ப்பம் மைதானத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான் கலைந்தது. கரு உருவானதிலேயே கோளாறு இருந்திருக்கும், நடந்ததாலோ வேலை செய்ததாலோ அது கலையவில்லை என்று கள்ளக்குறிச்சி டாக்டரம்மா விளக்கினார். வீட்டில் யார் காதிலும் அது ஏறவில்லை. விசில் ஊதியே பிள்ளையைக் கலைத்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களும் என் காலைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

இரண்டாம் முறை, மூன்றாம் மாதத்தில் லேசாக இரத்தம் பட்டது. பதறியடித்து ஓடினோம். ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது. நான் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். "கூட வந்தவங்க உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டார். என் கணவர் குமரேசன் எழுந்து போனார். எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். உடம்பைக் காட்டுவது பெண், சேதியைக் கேட்டு வருவது ஆண். பொம்பளை பயந்துவிடுவாளாம். அன்று எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

"பிரசவம் வரைக்கும் கட்டில்லயே இருக்கணும்னுட்டாங்க ரேவதி. மலைப்பக்கமே தல வெக்கக் கூடாதாம்" என்றார் வெளியே வந்தவர்.

அழுதேன், ஆனால் நம்பினேன். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அவரும் என்னைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். உரக்கடையை மதியம் சாத்திவிட்டு வந்து சோறு ஊட்டிவிடுவார். அம்மா எங்கள் வீட்டிலேயே வந்து தங்கிவிட்டாள். மாதாமாதம் காரில் பரிசோதனைக்குப் போவோம். டாக்டரம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, சொன்னபடியே இருங்க" என்பார். நானும் சொன்னபடிதான் இருந்தேன். பிள்ளைகளோடு ஓடிய தொடைகள் தளர்ந்து தொங்கின. உட்கார்ந்து எழுந்தாலே மூச்சு வாங்கியது.

கால் வீங்கிய மறுநாள் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தவரின் முகம் மாறியது.

"டெய்லி எவ்ளோ நேரம் நடக்கறீங்க?"

"நடக்கறதா? நீங்கதான டாக்டர் கட்டில விட்டு எறங்கக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"நானா? ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துட்டு அப்புறம் நல்லா நடக்கச் சொல்லுங்கன்னு உங்க வீட்டுக்காரர் கிட்ட சொன்னேனே."

நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியில் குமரேசன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாப்ளர் ஸ்கேன் (இரத்தம் ஓடுவதைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தார்கள். ஆழ்சிரை இரத்த உறைவு (காலின் உள்ளே ஓடும் பெரிய இரத்தக் குழாயில் இரத்தம் கட்டிக்கொள்வது) என்றார்கள். கர்ப்பத்தில் இரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது அதற்கு வசதியாகிவிட்டது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அன்றே வார்டில் சேர்த்து, ஹெப்பாரின் (இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து) ஊசியை வயிற்றுத் தோலில் போட ஆரம்பித்தார்கள். பிரசவத்துக்குப் பிறகும் சில வாரங்கள் அது தொடர்ந்தது.

"ஏற்கெனவே ஒண்ணு போச்சு. இதுவும் பூடுமோன்னு பயந்துட்டேன். நடன்னா நீ மலையேறிடுவ. நல்லதுக்குத்தான பண்ணேன்?" என்று அவர் கட்டில் ஓரத்தில் நின்று அழுதார்.

அந்தப் பயம் பொய்யில்லை. ஆனாலும் எனக்கு இரக்கம் வரவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மாப்பிள்ள அப்பவே சொன்னாரு. நானும் சரின்னுட்டேன். உன்ன வேற எப்டிடி புடிச்சி வெக்கறது?"

அவர் செய்ததைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை. என்னைப் பெற்றவள், தினமும் என் தலையை வாரிவிட்டவள், தெரிந்தே போர்வையைப் போர்த்திவிட்டிருக்கிறாள்.

டாக்டரம்மாவையும் நான் விடவில்லை. "என் வயித்தப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டாக்டர்?" என்றேன். அவர், "சொல்லியிருக்கணும்" என்றார். அன்றிலிருந்து அவர் எதையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

ஊசி தொடங்கியபின் அவரே என்னை நடக்கவைத்தார். காலில் அழுத்தக் காலுறை (காலை இறுக்கிப் பிடித்து வீக்கத்தைக் குறைக்கும் உறை) மாட்டிக்கொண்டு வார்டு வராந்தாவில் சுவரைப் பிடித்து நடந்தேன். நடந்துகொண்டே சாதாரணமாகப் பேச முடிய வேண்டும், பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான் அவர் தந்த அளவு. வெயிலில் வேண்டாம், மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சி வேண்டாம், விழ வாய்ப்புள்ள இடம் வேண்டாம். இரத்தம் பட்டாலோ, நீர் கசிந்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு வந்துவிட வேண்டும். பள்ளிக்கூடத்தையே ஓடவைத்தவள், வராந்தாவின் பாதியில் உட்கார இடம் தேடினேன். வெட்கமாக இருந்தது.

இதைப் படிக்கும் கர்ப்பிணிகளே, எனக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை ஒட்டிக் கீழே இறங்கியிருந்தால், வேறு சிக்கல் இருந்தால் அளவு மாறும். அதனால் உங்கள் டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். கூட வந்தவரைக் கூப்பிட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். அவரும் வரட்டும், நீங்களும் இருங்கள்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். இரத்தக் குழாயில் இருந்த அடைப்பு நீங்கிவிட்டது என்று பிறகு எடுத்த ஸ்கேன் சொன்னது. நான் மறுபடி மலையேறுகிறேன். மாலையில் மட்டும் இடது கால் கனக்கும். முன்பெல்லாம் என் உடம்பை நான் நினைத்ததே இல்லை. இப்போது காலையில் கண் விழித்ததும் காலை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாள் தொடங்குகிறது. கட்டிலில் போன மாதங்களுக்கு மட்டும் இன்னும் யாரும் கணக்குச் சொல்லவில்லை.

குமரேசன் நல்ல அப்பா. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைப்பார். "பாப்பா தூங்கிட்டா, நீ சாப்புடு" என்பார். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். அவள் தூங்கிக்கொண்டுதான் இருப்பாள். அவர் அறை வாசற்படியில் கொஞ்சம் ஒதுங்கி எனக்கு வழி விடுவார்.