ஆகண்டி, லாகண்டி

மின்வாரியத்தில் புதிதாகச் சேரும் வயர்மேன்களுக்கு ஊர்வல டூட்டி என்றாலே இளக்காரம். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற வேலை என்று நினைப்பு. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் நான் நின்ற ஓர் ஊர்வலத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

அங்கே தெலுங்கு பேசும் குடும்பங்கள் தங்கள் முன்னோரை நினைத்து வருஷம் தவறாமல் சப்பரம் இழுப்பார்கள். சப்பரம் மின்கம்பியைவிட உயரம். அதனால் தெருத்தெருவாகக் கரண்டை நிறுத்துவோம். உச்சியில் ஒருவர் கவைக்கம்பால் கம்பியைத் தூக்கிப் பிடிக்க, சப்பரம் அடியில் நுழைந்து போகும். அந்த வருஷம் உச்சியில் நின்றவர் சீனி. கீழே மைக்கில் அவருடைய அப்பா ரங்கய்யா, “லாகண்டி! லாகண்டி!” என்று காலையிலிருந்து ஏவிக்கொண்டிருந்தார். தெலுங்கில் லாகண்டி என்றால் இழுங்கள்.

ஒரு தெருமுனையில் என் கூட்டாளி செல்லையா சிவப்புக்கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

“அண்ணே, சுவிட்ச் கைப்பிடி இறுகிப் போச்சு! அடுத்த தெரு லைன் லைவ்ல இருக்கு!”

நான் ரங்கய்யாவிடம் ஓடினேன். “பெரியவரே, நிப்பாட்டச் சொல்லுங்க! முன்னால கம்பில கரண்ட் இருக்கு!”

மனுஷன் பதறிவிட்டார். பெற்ற பிள்ளை அல்லவா மேலே நிற்கிறது. “ஆகண்டி! ஆகண்டி!” என்று மைக்கில் அலறினார். ஆகண்டி என்றால் நில்லுங்கள். ஆனால் உறுமி மேளச் சத்தத்திலும் குழாய் ஸ்பீக்கரின் கரகரப்பிலும் ஜனங்கள் காதில் விழுந்தது பழைய லாகண்டிதான். பெரியவருக்கு உற்சாகம் கூடிவிட்டது என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தார்கள். அவர் கத்தக் கத்தச் சப்பரம் ஓடியது. அடுத்த கம்பியைத் தூக்கச் சீனி கவைக்கம்பை உயர்த்திக்கொண்டார்.

அவர்கள் வடம் இழுப்பது உறுமி அடிக்குத்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் முன்னால் அடித்தவரின் கையைப் பிடித்தேன். “அடிக்காதலே! நிப்பாட்டு!”

மற்றவர்களும் நிறுத்தினார்கள். வடம் தொய்ந்தது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார்கள். சீனியின் கம்புக்கும் மின்கம்பிக்கும் நடுவே ஒரு கை நீளம்கூட இல்லை. அந்த அமைதியில் ரங்கய்யாவின் குரல் மட்டும் “ஆகண்டி... ஆகண்டி...” என்று ஸ்பீக்கரில் கெஞ்சிக்கொண்டிருந்தது. இப்போது எல்லோருக்கும் சரியாகக் கேட்டது.

சீனி இறங்கியதும் அப்பா அவர் கையை விடவே இல்லை. “எம்புள்ளய நாந்தான எமங்கிட்ட இழுத்துட்டுப் போனேன்” என்று அழுதார்.

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க பெரியவரே. எங்க காதுலதான் ஏறல” என்றேன். அது சமாதானத்துக்குச் சொன்னதல்ல, உண்மை.

மறுவருஷம் ஊர்வலம் கிளம்பும் முன்பே எல்லாச் சுவிட்சையும் நானே இழுத்துப் பார்த்தேன். உறுமி நின்றால் வடத்தை விட வேண்டும் என்று பேசிவைத்துக்கொண்டார்கள். ரங்கய்யா மைக்கைத் தொடவில்லை. உறுமிக்காரர் பக்கத்திலேயே, ஒரு கையை அவர் தோளில் வைத்தபடி வழி முழுக்க நடந்தார்.

ஊர்வல டூட்டிக்குப் போனால் முதலில் இதைக் கேளுங்கள்: “இங்கே எப்படி நிப்பாட்டுவீங்க?”