டீச்சர் போட்ட ஓவராயில்

சீட் கம்பி ஃபிரேமுக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் சைக்கிள் மெக்கானிக்குக்குப் பாதி உயிர் போய்விடும். அடித்து எடுக்கப் போனால் ஃபிரேமே வாய்பிளந்துவிடும். கிழக்குத் தாம்பரத்தில் கடை போட்ட பிறகு அப்படி இரண்டு வண்டிகளைப் பறிகொடுத்திருக்கிறேன். போன வருஷம் கிளாரா டீச்சரின் வண்டி வந்தபோது எனக்கு முதலில் அதுதான் ஞாபகம் வந்தது.

டீச்சர் செம்பாக்கத்துக்காரர். பி.டி. டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர். தொண்ணூறுகளில் கியர் வைத்த மவுண்டன் பைக்கில் வேலைக்குப் போன பெண்மணி எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் அவர் ஒருவர்தான். சிவப்பு ஃபிரேம், தடித்த டயர். அந்த வண்டி கடையைக் கடந்தால் பஞ்சர் ஒட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். அதைத் தொடும் பாக்கியம் மட்டும் கிடைக்கவில்லை. சர்வீஸெல்லாம் அவரே வீட்டில் பார்த்துக்கொண்டார்.

போன வருஷம் வந்தபோது அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருந்தது. டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொல்லிவிட்டார். ஆனால் உட்கார்ந்தபடியே காலை ஊன்ற முடிய வேண்டும். சீட்டோ எட்டாத உயரம். அம்மாவையும் வண்டியையும் கூட்டி வந்த மகன் என்னைத் தனியே அழைத்தான்.

"அண்ணா, சீட் இறங்கலைன்னா காயலான் கடைக்குப் போட்டுடலாம்னு அம்மாவே ஒத்துக்கிட்டாங்க. பார்த்து சொல்லுங்க."

"டீச்சர், கடைசியா எப்போ சீட்டை எறக்குனீங்க?" என்று அவரிடமே போய்க் கேட்டேன்.

"எறக்கினதே இல்லப்பா. வாங்கினப்போ வெச்சது."

"சர்வீஸ் இன்னா பண்ணுவீங்க?"

"மாசா மாசம் ஓவராயில் பண்ணிடுவேன்."

"வூட்லயேவா?"

வண்டி முழுவதையும் கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டுவதைத்தான் எங்கள் தொழிலில் ஓவராயில் என்போம். ஓவர்ஹாலிங் என்ற இங்கிலீஷ் வார்த்தை எங்கள் வாயில் பட்ட பாடு அது.

"ஆமா. உங்க போர்டுல 'ஓவராயில் செய்யப்படும்'னு எழுதியிருந்தீங்களே. ஆயிலை ஓவரா ஊத்தணும்போலன்னு நினைச்சு, சந்து தெரியற இடத்துல எல்லாம் ஊத்திடுவேன்."

மகன் தலையில் அடித்துக்கொண்டான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட் போல்ட்டைத் தளர்த்தினேன். டீச்சர் இந்தப் பக்கம் பார்க்காமல் ரோட்டைப் பார்த்து நின்றார். சீட்டைப் பிடித்து லேசாகத் திருகினேன். கம்பி சரசரவென்று அடிவரை இறங்கிவிட்டது. உருவிப் பார்த்தால் கருத்த எண்ணெய் சொட்டியது, துரு துளிகூட இல்லை.

"டீச்சர், எறங்கிடுச்சு."

அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

பிரேக் மட்டும் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ரிம்மெல்லாம் எண்ணெய். சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, புது பிரேக் கட்டை, கேபிள், டயர் போட்டேன். பெயின்ட்டைத் தொட அவர் விடவில்லை.

டெலிவரி அன்று டீச்சர் சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில் ஊன்றின.

"மா, தெருமுனை வரைக்கும் போயிட்டு வந்துடு," என்றான் மகன்.

டீச்சர் தலையாட்டிவிட்டுக் கிளம்பினார். தெருமுனை வந்தது. அவர் திரும்பவில்லை. மகன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். "மா, போதும், நில்லு," என்று அவன் கெஞ்சுவது எனக்குக் கேட்டது. டீச்சர் கியரை ஏற்றினார்.

பழைய வண்டியைப் பார்த்ததும் "இதுக்கு செலவு பண்றது வேஸ்ட்" என்று சொல்வதை அன்றோடு விட்டேன். முதலில் ஆளை உட்காரவைத்து, கால் எட்டுகிறதா என்று பார்க்கிறேன். மற்றதெல்லாம் வெறும் ஸ்பேர் பார்ட்ஸ்.