மேர்லின் ஒட்டிய கடதாசி

தன்னாமுனை மேர்லின் கோபக்காரி என்று எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோரும் சொல்வார்கள். கோபப்படாமல் வேறென்ன செய்வாள்? அவளுக்காக மேலிடத்துக்கு மூன்று கடிதங்களைத் தட்டச்சு செய்தவன் நான். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

கொரோனாக் காலத்தில் சளி மாதிரிகள் எங்களிடமும் வந்து குவிந்தன. அவற்றைத் திறப்பதற்கு வெளிநாட்டுக்காரர் அன்பளிப்பாகத் தந்த கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. முன்னால் உட்கார்ந்து கைகளை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்யவேண்டும். காற்று வெளியிலிருந்து உள்ளே இழுபடும். கிருமி முகத்துக்கு வராது. நாடா வெட்டிப் படம் பிடித்ததோடு சரி, அதைச் சோதித்துப் பார்க்க ஒரு மனிசரும் வரவில்லை.

ஒரு நாள் மேர்லின் மெல்லிய கடதாசித் துண்டொன்றைப் பெட்டியின் வாயில் ஒட்டினாள். அது உள்ளே இழுபடவில்லை. அவள் முகத்தை நோக்கிப் பறந்தது.

பொறுப்பதிகாரியிடம் ஓடினாள்.

"நிப்பாட்டினா மேலிடத்துக்கு நான் என்ன சொல்றது?" என்றார் அவர். மேலிடத்தின் முன்னால் வாய் திறக்காத மனிதர், எங்களிடம் மட்டும் சிங்கம். அதற்குப் பிறகுதான் நான் தட்டச்சு செய்த அந்த மூன்று கடிதங்களும் போயின.

அவளோடு வேலை செய்தவர் ஏறாவூர் நிஸ்தார். அவளுக்கு அண்ணன் மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவாள்.

"உனக்குக் கைக்குழந்தை, புள்ள. நீ பதிவைப் பாரு, பெட்டிக்கு முன்னால நான் இருக்கன்."

"வேணாம் நானா," என்று அவள் எவ்வளவோ மன்றாடினாள். அவர் கேட்கவில்லை. ஒரே முகக்கவசத்தை வெயிலில் காயவைத்துப் போட்டுக்கொண்டு பதினொரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு ஒட்சிசன் வைத்தார்கள். அந்தக் கதிரைக்கு உடனே றொசானி என்ற புதுப் பிள்ளையைப் போட்டார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

றொசானி வேலை தொடங்கவிருந்த காலையில் மேலிடத்துப் பெரியவர் ஒருவர் பார்வையிட வந்தார். பொறுப்பதிகாரி அவசரமாகக் கடதாசியைக் கிழித்தெறிந்தார். மேர்லின் எல்லோருக்கும் முன்னால் வேறொன்றை ஒட்டினாள். படத்துக்காகப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்த பெரியவரின் மூக்கை நோக்கி அது படபடத்தது.

"என்ன இது?"

"உள்ளுக்க இருக்கிற காத்து, சேர். உங்கட முகத்துக்குத்தான் வருது."

கதிரை கவிழ்ந்தது. பெரியவர் கதவுக்கு வெளியே நின்றார்.

"உடன நிப்பாட்டுங்க இத!"

மேர்லின் பெட்டியின் ஆளியைத் தட்டி அதை நிறுத்தினாள். விழுந்த கதிரையை நிமிர்த்தினாள்.

"நிஸ்தார் நானா இதிலதான் சேர் பதினொரு நாள் இருந்தவர்."