பக்கத்துச் சீட்டு

பந்தயத்துக்காக எடையைக் குறைக்கத் தன் டர்போ காரில் எதையெல்லாமோ கழற்றிய மெக்கானிக் அக்கா, பக்கத்துச் சீட்டை மட்டும் தொடவில்லை. அது புருஷனுடைய இடம். புறப்படும் கோட்டில் அவள் பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்திருக்க, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவில் அழுத்தம் ஏறியதும் அவள் முழங்காலில் தட்டிச் சொல்வது அவர் வேலை. அவர் செத்த பிறகும் அந்தத் தட்டல் நிற்கவில்லை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"வெட்டிச் சுமை" என்று இன்று அவள் தம்பி அந்தச் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கோட்டில் போய் நின்றாள். டர்போ சீறியது. முழங்காலில் தட்டல் விழுந்தது. பச்சை விளக்கு எரிந்ததும் பிரேக்கை விட்டாள்; கார் பாய்ந்தது.

"பாத்தியாக்கா, எவ்வளவு வேகம்னு" என்றான் தம்பி, ஓட்டம் முடிந்து இறங்கியவளிடம்.

"சீட்டை மாட்டுடா. மனுஷன் வெறுந்தரையில உக்காந்து வந்திருக்காரு."