சாலமோன் அண்ணனின் இடது ஷூ

சாலமோன் அண்ணனுக்காக மூன்றாவது மனுவை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி எஸ்தர் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "எழுதறத நிறுத்திடு ரவி. காலையில காபி குடுத்தேன், வாங்கல. போய்ட்டாருப்பா." அந்த மனு பாதியில் நிற்கிறது. அதை முடிக்க வழியில்லாததால் இதை எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து புது ஷூவின் படம் வந்தால், அதைப் பார்த்து முதல் ஜோடியைச் செய்து காட்டும் சாம்பிள் செக்‌ஷனில் இருபத்தெட்டு வருடம் இருந்தார். நான் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க். சிறு வயதில் வந்த போலியோவால் அவருடைய இடது கால் மெலிந்து, மற்றதைவிட இரண்டு அங்குலம் குட்டையாக இருந்தது. இது எனக்குத் தெரியவே நான்கு வருடம் ஆனது. காரணம், அவர் தமக்கென்று செய்துகொண்ட ஷூ. உள்ளே கார்க் அடுக்கி, கணுக்காலுக்கு மேல் லேஸ் கட்டி, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்படி செய்திருந்தார்.

ஒரு மழை நாளில் அதைக் கழற்றிக் காயவைத்திருந்தபோது நான் போய் நின்றுவிட்டேன்.

"இன்னா பாக்குற? யார்கிட்டயும் சொல்லிடாத. ஸ்கூல்ல ஒருத்தனும் என்னைப் பேர் சொல்லி கூப்பிட்டதில்ல. நொண்டின்னுதான் கூப்பிட்டானுங்க. இத போட்டப்புறம்தான் நான் சாலமோன்," என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியவில்லை. அவர் செய்தது நின்றுகொண்டே செய்யும் வேலை. விட்டுவிட்டார். அண்ணி வீட்டில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகங்களைக் கையால் தைத்துக் கொடுத்ததில் இருவரும் சாப்பிட்டார்கள்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு மனு எழுதியவன் நான். டாக்டர் சான்றிதழ் ஒழுங்காகவே இருந்தது. வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்றதும், "ஆபீசர் வர்றாரு, நல்லா டிரஸ் பண்ணிக்கிட்டு மரியாதையா இருங்கண்ணே," என்று சொன்னவனும் நானேதான். இந்த வாயை என்ன செய்வது?

அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, தெருமுனை வரை நடந்துபோய் ஆபீசரை அழைத்து வந்திருக்கிறார். "அவருக்கு மூச்சு வாங்குது, எனக்கு வாங்கல தெரியுமா?" என்று பெருமையாகச் சொன்னபோதே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த மாதம் கடிதம் வந்தது. "மனுதாரர் இயல்பாக நடமாடுகிறார். உழைத்துப் பிழைக்கும் நிலையில் உள்ளார். மனு நிராகரிக்கப்படுகிறது." அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். "இயல்பாக நடமாடுகிறார்" என்ற இடத்தில் லேசாகச் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

இரண்டாவது மனு எழுதினேன். மறுவிசாரணைக்குத் திருப்பத்தூர் போக வேண்டும். ஷூ போடாமல் வாருங்கள் என்றேன்.

"என்னை நடிக்கச் சொல்றியா?"

"நடிக்க வேணாம்ணே. நடிக்கிறத நிறுத்துங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நான்காம் நாள் அண்ணன் வெறுங்காலோடு வாசலில் நின்றார். "வா, போலாம். எஸ்தருக்குக் கண்ணு மங்கிடுச்சு. இன்னும் எவ்ளோ நாள் தைப்பா?"

இடது முழங்காலைக் கையால் அழுத்தி அழுத்தி திருப்பத்தூர் ஆபீஸ் படிகளில் ஏறினார். வரிசையில் எங்கள் கம்பெனிக்காரர் இருவர் நின்றிருந்தார்கள். அண்ணன் தலையைத் தூக்கவேயில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பைலைப் புரட்டினார். "நல்லா நடக்கிறீங்கன்னு ரிப்போர்ட் இருக்குதே. இப்ப என்ன புதுசா நொண்டுறீங்க? இதுமாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கோம்!"

நான் ஷூவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். "விடு ரவி. நான் செஞ்ச சாம்பிள் ஜாஸ்தி நல்லா வந்துடுச்சு."

அதற்குப் பிறகு வீட்டுக்குள்ளேயும் ஷூவோடுதான் இருந்தார். வெளியே வருவது நின்றுபோனது. மூன்றாவது மனுவோடு ஷூவின் உள்பக்கத்தைப் படமெடுத்து வைக்கலாமா என்று போன வாரம் கேட்டேன். "உன் இஷ்டம்," என்றார். அதுதான் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது.

நான் போனபோது பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கால்களில் எதுவும் இல்லை. சாம்பிள் செக்‌ஷன் ஆட்கள் சுற்றி நின்றார்கள். "கால் இவ்ளோ குட்டையா? தினமும் ஒண்ணா டீ குடிச்சோமேப்பா," என்றார் ஒருவர். எனக்குத் தாங்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூக்களை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அண்ணி என் கையைப் பிடித்தார்.

"இரு ரவி. பாக்கட்டும். எல்லாரும் ஒரு தடவை நல்லா பாக்கட்டும்."

ஜெபம் முடியும்வரை ஷூக்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூடியை எடுத்து வந்தபோது அண்ணி அவற்றை வாங்கிக்கொண்டார். வலதை முதலில் போட்டார். இடதைப் போட்டு, மங்கிய கண்ணோடு தடவித் தடவி லேஸைக் கட்டினார். பிறகு இரண்டு ஷூக்களின் அடிப்பாகத்தையும் உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"இப்ப மூடுங்க," என்றார்.

இரண்டும் ஒரே மட்டமாகத்தான் இருந்தன அண்ணே. போய் வாருங்கள்.