சுபலட்சுமி கணக்கில் இருநூற்று நாற்பது விசேஷங்கள்

"முதுநிலை ஊடாட்ட உள்ளடக்க வடிவமைப்பாளர், ஐவர் குழுவை வழிநடத்துபவர்." செல்லூரில் அழைப்பிதழ் அச்சகம் நடத்தும் அழகுபாண்டி, சுபலட்சுமிக்குக் கொடுத்த நியமனக் கடிதம் இப்படிச் சொல்கிறது. அந்த ஐவரில் சுபலட்சுமியையும் கணினியையும் எண்ணிவிடலாம். மீதி மூவரை நான்கு வருடமாக யாரும் பார்த்ததில்லை.

கைப்பேசியில் திறக்கும் பத்திரிகைக்குள் மண்டபத்துக்கு வழிகாட்டும் வரைபடம், வீடியோ, 'வாரேன்' பொத்தான் ஆகியவற்றைப் பதிப்பது அவர் வேலை. உண்மையில் இவை எதுவும் பத்திரிகையில் இல்லை. வேறெங்கோ இருப்பதை எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல் வெட்டி வைக்கிறார், அவ்வளவுதான். முதலில் 'வரலை' என்றும் ஒரு பொத்தான் இருந்தது. அழைத்தவரிடம் அப்படிச் சொல்ல ஒருவருக்கும் மனம் வராததால் எடுத்துவிட்டார்கள். எழுநூறு பேர் வாரேன் என்றால் முந்நூறு பேர் வருவார்கள்.

அந்த 'வேறெங்கோ', சுபலட்சுமியின் சொந்த மின்னஞ்சல் கணக்கு. சேர்ந்த அன்று கடைக் கணக்கின் கடவுச்சொல் அழகுபாண்டிக்கு மறந்துபோயிருந்தது.

"உன்னோடதுலயே போட்டுரு தாயி. நீ வேற, நான் வேறயா?"

இப்படி இருநூற்று நாற்பது விசேஷங்கள் ஏறிவிட்டன. யார் எந்த ஊரில் 'வாரேன்' அழுத்தினாலும் விளாங்குடி வீட்டில் இவர் கைப்பேசி சிணுங்கும். இந்நிலையில் கப்பலூரில் ஒரு கம்பெனி வேலை கொடுத்தது. ஒன்றாம் தேதி சேராவிட்டால் வேறு ஆள் என்றது.

"அண்ணே, இந்த மாசத்தோட நான் போறேன்."

"போறேன்னு சொல்லாத. போயிட்டு வாரேன்னு சொல்லு."

"வரமாட்டேண்ணே."

"அப்ப அந்தக் கணக்கைக் குடுத்துட்டுப் போ."

"அதுல என் ஆதாரு, பேங்கு அம்புட்டும் கெடக்குண்ணே. விசேஷத்தை மட்டும் அழிச்சுட்டுப் போறேன்."

"நீ அழிச்சா அம்புட்டுப் பத்திரிகையும் வெள்ளையாப் போயிரும். விசேஷ வீட்டுக்காரன் என்னைய வெளுத்துருவான்."

பூட்டு சுபலட்சுமியுடையது, சாவியும் அவருடையது, உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவரும் அவரே. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வேறு கணக்குக்கு மாற்ற இரண்டு மாதம் பிடிக்கும். அழகுபாண்டியோ தினமும், "இது ஒண்ணு மட்டும் தாயி" என்று புதிய பத்திரிகையோடு வந்து நின்றார்.

இருபத்தெட்டாம் தேதி, சோணையம்மாள் என்று யாரோ ஒருவர் ஒரு கல்யாணத்துக்கு 'வாரேன்' அழுத்தினார். அந்தக் கல்யாணம் முடிந்து, பிறந்த பிள்ளைக்குக் காதுகுத்தும் முடிந்திருந்தது. சுபலட்சுமி அப்போதுதான் பட்டியலைத் தேதிவாரியாகப் பார்த்தார்.

கடைக்குப் புதுக் கணக்கு ஒன்று திறந்து, இனி நடக்கவிருந்த பதினொரு விசேஷங்களை அதற்கு மாற்றினார். மற்ற இருநூற்று இருபத்தொன்பதையும் அழித்தார். ஒன்றாம் தேதி கப்பலூரில் வேலைக்குச் சேர்ந்தார்.