போடாத கொக்கி

ஆப்பியா வானொலியில் இருபத்தெட்டு வருஷம் மரண அறிவிப்பு வாசித்தவள் மசினா. காலை ஏழு மணிக்கு அவள் குரல் கேட்டதும் ஊரே கைவேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கும். யார் போனார், யார் வீட்டுக்குத் துக்க மரியாதையாகப் பாய் எடுத்துப் போகவேண்டும் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

லேசான வேலை இல்லை அது. எங்கள் சமோவா எழுத்தில் இழுப்புக்கு ஒரு கோடும், தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறப்பதற்கு ஒரு சின்னக் கொக்கியும் உண்டு. பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் இரண்டையும் ஒருவரும் போடமாட்டார்கள். சோம்பேறித்தனம்தான், வேறென்ன. கண் எழுத்தைப் பார்க்கும். விட்டுப்போன சத்தத்தை மனசுதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

"நான் வாய் தெறக்குறதுக்கு முன்னாடியே உள்ள ஒருத்தன் வாசிச்சு முடிச்சுடுறான். அவன் சொல்றத ஒப்பிக்கிறேன், அவ்வளவுதான்" என்பாள் மசினா.

அந்த உள்ளே இருக்கிறவன் ஒருமுறை அவளைக் கவிழ்த்துவிட்டான். 'தம' என்றால் பையன். கடைசியை இழுத்துத் 'தமா' என்றால் அப்பா. கோடு போடாமல் வந்த தாளில் இறந்தது எண்பது வயது அப்பா. மசினா பையன் என்று வாசித்துவிட்டாள். சவாயீ தீவிலிருந்து சொந்தக்காரர்கள் முப்பது பேர் பாயும் அழுகையுமாகக் கப்பலேறி வந்தார்கள். துறைமுகத்தில் அவர்களை எதிர்கொண்டு நின்றவன் சாட்சாத் அந்தப் பையன். அத்தைக்காரி சட்டென்று அழுகையை நிறுத்தி, "ஏண்டா, நீ சாகலியா?" என்று அதட்டினாளாம்.

கதை கடல் தாண்டி ஆக்லாந்துக்கும் போயிற்று. அங்கே இருந்த அக்கா சலஃபாய் தொலைபேசியில் சிரித்துத் தீர்த்தாள்.

"ஒனக்கு எழுதுறப்போ இனிமே கொக்கி, கோடு ஒண்ணு விடமாட்டேன்டி. இல்லாட்டி என்னையும் உசுரோட பொதைச்சுடுவ."

மசினாவுக்குப் பிள்ளை இல்லை. சலஃபாய் ஆக்லாந்துக்கு விமானம் ஏறும்போது தன் நாலாவது பெண் சியெனியை, ஒரு வயதுக் குழந்தையை, தங்கை மடியில் வைத்துவிட்டுப் போனாள். எங்களுக்குள் இது வழக்கம், யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். மசினாவின் மனசில் மட்டும் ஒரு பயம் இருபத்து மூன்று வருஷமாகக் குடியிருந்தது: கொடுத்தவள் என்றைக்காவது கேட்டுவிட்டால்?

இந்த ஈஸ்டருக்குச் சலஃபாய் ஆக்லாந்திலேயே கண்ணை மூடினாள். அவள் துணிமணிகளோடு ஒரு கடிதம் வந்தது. சியெனி கல்யாணத்தில் இந்தக் கடிதத்தை மசினாதான் வாசிக்க வேண்டும் என்று மேலே எழுதியிருந்தது. கடைசி வரி: "கடவுள் லவு பிள்ளையைக் காக்கட்டும்."

'லவு' என்றால் உன். நடுவில் தொண்டை அடைத்து 'ல-உ' என்றால் என். மசினா பத்து முறை வாசித்தாள். பத்து முறையும் உள்ளே இருக்கிறவன் அந்த இடத்தில் தொண்டையை அடைத்தான். என் பிள்ளை. என் பிள்ளை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரு வார்த்தைக்கு இந்தப் பாடா? அந்த வரிய விட்டுட்டு மத்தத வாசி" என்றார் புருஷன் யோசேஃபோ.

"செத்தவ எழுதுனதுல கை வைக்கச் சொல்றீங்களா? கேட்டுட்டா. குடுத்துடவேண்டியதுதான்."

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, தொப்பிக்கு ரிப்பன் தைத்துக்கொண்டிருந்த சியெனி கேட்டே விட்டாள்.

"எதுக்கும்மா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? மாப்பிள்ள புடிக்கலியா?"

மசினா கடிதத்தை நீட்டினாள். சியெனி ஒரே மூச்சில் வாசித்தாள். 'லவு' என்று எங்கேயும் இடறாமல் வந்தது.

"ஒழுங்காப் பாத்து வாசிடி."

"பாத்துதானே வாசிக்கிறேன்? பெரியம்மா ஒரு கொக்கிகூட விடலியே. இந்தா, மேல 'என் தங்கச்சி', கொக்கி இருக்கா? 'என் வீடு', இருக்கா? எல்லாத்துக்கும் குத்திக் குத்திப் போட்டிருக்காங்க. இங்கதான் இல்ல. உன் பிள்ளைன்னுதானே எழுதியிருக்கு?"

மசினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு கொக்கியும் தாளின் மறுபக்கம் புடைத்திருந்தது. கொக்கியில்லாத தாள்களையே வாசித்துத் தேய்ந்த கண், இருந்த கொக்கிகளை ஒருநாளும் பார்க்கவில்லை. பயந்த மனசு, இல்லாத கொக்கியைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அக்கா அன்றைக்கே கொடுத்துவிட்டாள், முழுசாக. மசினா ரிப்பனில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"அய்யோ, வெள்ள ரிப்பன்மா!" என்றாள் சியெனி.

சனிக்கிழமை தேவாலயத்தில் மசினா தன் வானொலிக் குரலில் வாசித்தாள். எல்லாக் கொக்கிக்கும் நின்றாள். கடைசி வரிக்கு வந்தபோது சியெனி முகத்தைப் பார்த்துத் தொலைத்துவிட்டாள். தொண்டை அடைத்தது, திறந்தது.

"கடவுள் ல-உ பிள்ளையைக் காக்கட்டும்."

என் பிள்ளை. ஆக்லாந்திலிருந்து வந்திருந்த சலஃபாயின் மற்ற பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்தக் கப்பல் கூத்துக்குப் பிறகு வானொலியில் ஒரு எழுத்து பிசகினாலும் உடனே திருத்தம் சொல்கிற மசினா, தாளை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"இல்லாத கொக்கியப் போட்டுட்டியே" என்று யோசேஃபோ காதில் கிசுகிசுத்தார்.

"இருக்கட்டும்" என்றாள் மசினா. "அக்காவும் ஒருவாட்டி சொல்லிக்கட்டும்."